உயரம் எதிலிருந்து

ஜூலை 3

மதிப்பிற்குரிய பயிற்சிப் பிரிவு இயக்குநர் அவர்களுக்கு,

வரைபட அலுவலகத்தின் முத்திரை குத்திய உறை வந்தது. உள்ளே 'அன்புள்ள மச்சான்' என்று ஆரம்பித்திருந்தீர்கள். பதிலை முத்திரைக்கு எழுதுவதா, என் தங்கையைக் கட்டியவருக்கு எழுதுவதா என்று யோசித்து, முத்திரைக்கே எழுதுகிறேன். அதில் எனக்கு வருத்தம் குறைவு.

உங்கள் திட்டத்தைப் படித்தேன். எங்கள் புவியியல் முதுகலை மாணவர்கள் கடைசி வருடத்தை உங்கள் அலுவலகத்தில் வேலை செய்தபடியே முடிப்பார்கள். உங்கள் ஊழியர்கள் எங்களிடம் வந்து பட்டம் படிப்பார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் கல்லூரியில் ஒரு வழிகாட்டி, அலுவலகத்தில் ஒரு வழிகாட்டி. நல்ல யோசனை. பதினைந்து வருடம் முன்பு இதே யோசனையை நான் எழுதி அனுப்பியபோது, 'தங்கள் கடிதம் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் யார் என்று உங்களுக்கு மறந்திருக்கலாம்.

இன்னொன்றும் மறந்திருக்கும். ஆசிரியர்களையும் அலுவலகங்களையும் ஒன்றாக உட்கார வைத்த அந்த மாநாட்டில், மேடையில் நின்று, "எங்ககிட்ட வர்ற எம்.ஏ. பட்டதாரிகளுக்கு மேப்பைச் சுருட்டத் தெரியும், விரிக்கத்தான் தெரியாது" என்றீர்கள். அரங்கம் முழுக்கச் சிரித்தது. அந்த வருடம் உங்களிடம் வேலைக்குச் சேர்ந்த அத்தனை பேரும் என் மாணவர்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன். காரணத்தை மறைக்க விரும்பவில்லை. எங்கள் முதல்வர் என்னைவிட வயதில் சிறியவர், மரியாதைக்குக் குறைவில்லாதவர். போன வாரம் கூப்பிட்டு, "சார், புவியியல் படிக்க ஆளே வர்றதில்லையே, அந்த ரூமைக் கம்ப்யூட்டர் துறைக்குக் குடுத்துடலாமா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். வெளி நிறுவனம் ஏதாவது கூட்டுச் சேர்ந்தால் முதுகலைப் படிப்பு பிழைக்கும். இல்லையென்றால் இந்த வருடத்தோடு கதவை மூடிவிடுவார்கள்.

ஒப்பந்தத்தில் சில இடங்களைத் திருத்தியிருக்கிறேன். ஆய்வேட்டில் கடைசிக் கையெழுத்து கல்லூரி வழிகாட்டிக்கு மட்டும்தான். என் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் மாணவரின் வரைபடத்தில் உங்கள் ஆட்கள் கை வைக்கக் கூடாது. கல்லூரி ஆசிரியர்கள் இரண்டு வாரம் உங்களிடம் வந்து பயிற்சி பெற வேண்டும் என்ற பிரிவை அடித்துவிட்டேன். என் வயதில் அது அவமானம். இரு வழிகாட்டிகளும் மாதம் ஒருமுறை சந்தித்துப் பேச வேண்டும் என்பதை விட்டுவைத்திருக்கிறேன், முதல்வருக்கு அந்த வரி பிடித்திருக்கிறது. நடக்காது என்று உங்களுக்கும் தெரியும்.

முதலில் ஒரே ஒருவரை அனுப்புகிறேன். பள்ளியில் ஆறு வருடம் புவியியல் நடத்தியவர். சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு படிக்கிறார். வருகிற ஏப்ரலுக்குள் பட்டம் கையில் இல்லையென்றால் பள்ளி அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். துறையில் எல்லோரும் அவரை 'டீச்சர்' என்றே கூப்பிடுகிறோம். கேள்வி கேட்கிற ஆள். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முதுகலைப் பொறுப்பாசிரியர்


ஜூலை 15

அன்புள்ள மச்சான்,

முத்திரை இல்லாத தாளாகப் பார்த்து எடுத்து எழுதுகிறேன். இதையாவது உங்கள் தங்கை புருஷன் எழுதியதாக நினைத்துப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தும் சம்மதம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் தங்கைதான் கண்டுபிடித்தாள். "அண்ணன் சரின்னுட்டார். மாட்டேன்னு சொல்றவர் இவ்வளவு நீளமாவா திட்டுவார்?" என்றாள்.

மேடையில் நான் பேசியது தப்பு. சிரிப்பு வருமென்று பேசினேன், வந்தது. கூட்டம் முடிந்ததும் உங்களைத் தேடி வந்தேன். காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள் என்றார்கள். பதினைந்து வருடம் முன்பு நான் போட்ட அந்தக் கையெழுத்து, மேலே இருந்தவர் போடச் சொன்னது. நான் அப்போது அங்கே காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிற குமாஸ்தா, அவ்வளவுதான்.

எனக்கும் தேவை இருக்கிறது மச்சான். இங்கே வேலை தெரிந்தவர்களுக்குப் பட்டம் இல்லை, அதனால் பதவி உயர்வு இல்லை. பட்டத்தோடு வருகிறவர்கள் ஓர் ஆற்றின் கரையில் நிறுத்தினால் எந்தப் பக்கம் மேடு என்று கூகுளில் தேடுகிறார்கள். இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக இருக்கிறோம்.

உங்கள் திருத்தங்கள் எல்லாவற்றுக்கும் சரி. கையெழுத்து விஷயம் மட்டும் குத்துகிறது. அந்தப் பெண் எட்டு மாதம் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து வேலை செய்யும், ஆய்வேட்டில் என் பெயர் இருக்காது. போகட்டும். பயிற்சிப் பிரிவை அடித்ததை மட்டும் மறுபடி யோசியுங்கள். உங்களுக்குச் சொல்லித்தருவதற்காக அதைப் போடவில்லை. இங்கே நிறைய மாறியிருக்கிறது, வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

ஒரு போன் போடுங்களேன். எதற்கு இந்தத் தபால் எல்லாம்?

உங்கள்,
மாப்பிள்ளை


செப்டம்பர் 9

மாப்பிள்ளைக்கு,

போனில் பேசினால் நீங்கள் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். எழுத்தில் இருக்கட்டும்.

டீச்சர் விடுமுறைக்கு வந்திருந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பேசிக்கொண்டே வேலை செய்கிறார்களாம். ஒருவர் மேசையில் இருக்கும் வரைபடத்தை இன்னொருவர் எட்டிப் பார்த்து, "இந்த வாய்க்கால் எங்கப்பா போச்சு?" என்று கேட்பாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இருபத்திரண்டு வருடமாக நான் இருக்கும் இந்தத் துறையில், இடித்துக்கொள்ளாமல் மூன்று பேர் நிற்கக்கூட இடமில்லை. ஆனாலும் யாரும் யாருடைய மேசையையும் எட்டிப் பார்த்ததில்லை. அதை அவர் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன், அதற்கும் உங்கள் மேல்தான் கோபம் வந்தது.

ஆய்வுக்கு உங்கள் நகரத்து ஆற்றங்கரைப் பகுதியை எடுத்திருக்கிறார். வெள்ளம் வந்தால் எந்தத் தெரு முதலில் மூழ்கும், எது தப்பும் என்று காட்டும் வரைபடம். கிழக்குத் தெருக்களின் உயரங்கள் உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. மேற்குக் காலனியை நீங்கள் யாரும் அளந்ததில்லை என்பதால் எங்கள் மட்டக் கருவியை எடுத்துக்கொண்டு போய் அவரே அளக்கிறார். பாலத்தடியில் அளவைக்கு ஆதாரமாக நட்டிருக்கும் உயரக்கல்லில் தொடங்குகிறார். அந்தக் கல்லின் உயரம் எங்கள் ஆய்வகச் சுவரில் தொங்கும் அட்டவணையிலேயே இருக்கிறது. நீங்களும் நானும் மாணவர்களாக நின்று மனப்பாடம் செய்த அட்டவணைதான்.

ஒரு வேடிக்கை. கிளம்பும்போது டீச்சர், "சார், நம்ம அட்டவணையில இருக்கிற உயரமும் அவங்ககிட்ட இருக்கிற உயரமும் ஒரே மட்டத்திலேருந்து எடுத்ததுதானா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். நான், "அதை உங்க இயக்குநர்கிட்டயே கேளுங்க. மேப்பை விரிக்கத் தெரிஞ்சவர் அவர்தானே" என்றேன். டீச்சருக்கு மாநாட்டுக் கதை தெரியாது. உங்களுக்குத் தெரியும். கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

தங்கையின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

முதுகலைப் பொறுப்பாசிரியர்


செப்டம்பர் 20

அன்புள்ள மச்சான்,

கேட்டாள். நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள், பாவம். நான் மட்டும் சும்மா விடுவேனா? "உங்க புரொபசர் அனுமதி இல்லாம உங்க வேலையில நான் கை வைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கும்மா. அவர் என்ன சொல்லிக்குடுத்தாரோ அப்படியே செய்யுங்க. இல்லன்னா அவர் கோவிச்சுக்குவார்" என்றேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆக நாம் சமமாகிவிட்டோம்.

இப்போது நல்ல செய்தி. எங்கள் தலைமை அதிகாரிக்கு இந்தக் கூட்டுத் திட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. மழைக்கு முன்பாக ஆற்றங்கரையில் மீட்புப் படகு எங்கே நிற்பது, மக்களை எந்தக் கட்டடத்தில் தங்கவைப்பது என்று நகராட்சி முடிவு செய்கிறது. டீச்சர் வரைந்ததை வரைவாகவே கொடுக்கச் சொல்கிறார். ஒரு மாணவியின் வேலை நேராகத் தெருவுக்குப் போகிறது. இதற்குத்தானே நாம் இதை ஆரம்பித்தோம்?

ஒன்றே ஒன்று. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த வரைபடமும் வெளியே போகும் முன்பு, அதை வரையாத இரண்டு பேர் கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து பார்ப்பார்கள். சந்தேகம் வந்த இடத்தில் கருவியை வைத்து மறுபடி அளப்பார்கள். இதற்கு அப்படிச் செய்தால் கை வைத்தது ஆகுமா, ஆகாதா? நீங்கள் சொன்னால் ஆட்களை அனுப்புகிறேன்.

முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உங்களை நேரில் பார்த்தால் குறையும் என்கிறாள்.

மாப்பிள்ளை


அக்டோபர் 1

இயக்குநர் அவர்களுக்கு,

வரைவைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கிறேன்.

உங்கள் ஆட்கள் நடந்து பார்த்தால் அது கை வைத்தது ஆகத்தான் செய்யும். என் மாணவி அளந்ததை உங்கள் அலுவலகம் சரிபார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

முதுகலைப் பொறுப்பாசிரியர்


நவம்பர் 22

மச்சான்,

பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

மேற்குக் காலனியிலேயே உயரமான இடம் என்று வரைபடத்தில் காட்டிய பள்ளிக்கூடம். கிழக்குத் தெருக்காரர்களை எல்லாம் வண்டி வைத்து அங்கே கொண்டுபோய்த் தங்கவைத்திருந்தார்கள். மத்தியானம் ஆறு கரையைத் தாண்டியது. முதலில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்தான் போனது. பெஞ்சு மட்டத்துக்குத் தண்ணீர். எல்லோரையும் மாடிக்கு ஏற்றினார்கள். ஈரப் படியில் ஓர் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைத்துப் பிழைக்கிறவர். மற்றவர்கள் பிழைத்தார்கள், அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

இதைக் கேளுங்கள். அந்த அம்மாவின் வீட்டு வாசற்படி நனையவே இல்லை. கிழக்குத் தெருக்கள் எதிலும் தண்ணீர் ஏறவில்லை. அவர் பாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருந்தால் இந்நேரமும் தைத்துக்கொண்டிருப்பார்.

தண்ணீர் வடிந்ததும் டீச்சர் யாரிடமும் சொல்லாமல் கருவியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். சேற்றில் நின்று பாலத்திலிருந்து பள்ளி வரைக்கும் மறுபடி அளந்திருக்கிறாள். வந்து என் மேசையில் தாளை வைத்து, "சார், மேற்கு முழுக்க ஒரு முழங்கால் உயரம் கூடுதலா இருக்கு. நான் அளந்தது சரி. ஆரம்பிச்ச நம்பர்தான் தப்பு" என்றாள்.

புரிகிறதா? அவள் உங்கள் சுவர் அட்டவணையின் உயரத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். அது பழைய கடல்மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து எடுத்தது. நாங்கள் நான்கு வருடம் முன்பே புதிய மட்டத்துக்கு மாறிவிட்டோம். பழைய மட்டம் ஒரு முழங்கால் கீழே இருக்கிறது, அதிலிருந்து அளந்தால் எல்லாமே அவ்வளவு உயரமாகத் தெரியும். கிழக்குக்கு ஒரு பூஜ்யம், மேற்குக்கு ஒரு பூஜ்யம், இரண்டையும் ஒரே தாளில் ஒட்டியிருக்கிறோம்.

விசாரணை வைத்திருக்கிறார்கள்.


நவம்பர் 27

இயக்குநர் அவர்களுக்கு,

'ஒட்டியிருக்கிறோம்' என்று என்னையும் சேர்த்து எழுதியிருப்பதை ஏற்க முடியாது.

கடல்மட்டத்தை மாற்றியது உங்கள் அலுவலகம். முதுகலை நடத்தும் ஒரு துறைக்கு அதைத் தெரிவிக்க வேண்டியது யார்? சுவரில் தொங்கும் அட்டவணை காலாவதியாகிவிட்டது என்று நான் கனவு காண வேண்டுமா? வரைவை அவசர அவசரமாக நகராட்சிக்குத் தூக்கிக் கொடுத்து, தலைமை அதிகாரியிடம் நல்ல பெயர் வாங்கப் பார்த்தது யார்? எனக்கு அதில் ஒரு பைசா பெருமை கிடையாது.

முதல்வர் கூப்பிட்டார். ஓர் அறிக்கை தயாராக வைத்திருக்கிறார். மாணவி வழிகாட்டியின் சொல்லைக் கேட்காமல் தன்னிச்சையாக உயரங்களைச் சேர்த்துவிட்டார், ஆகவே ஆய்வேடு திரும்பப் பெறப்படுகிறது என்று எழுதியிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் கல்லூரியின் பெயர் கெடாது, கூட்டுத் திட்டம் தொடரும், முதுகலைப் படிப்பும் பிழைக்கும். "ஒருத்தருக்காக ஒரு துறையையே மூடணுமா சார்?" என்றார். வழக்கம்போல மரியாதையாகத்தான் கேட்டார்.

அறிக்கை என் மேசையில் இருக்கிறது. இன்னும் போடவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதுகலைப் பொறுப்பாசிரியர்


டிசம்பர் 4

யோசிக்கிறாயா?

என்ன யோசிக்கிறாய்? அந்தப் பெண் உன் சொல்லைக் கேட்கவில்லையா? நீ சொன்ன சொல்தான் என்ன? 'உங்க இயக்குநர்கிட்டயே கேளுங்க.' நான் சொன்னது என்ன? 'உங்க புரொபசர் சொன்னபடி செய்யுங்க.' உன் கடிதம் என்னிடம் இருக்கிறது, என் கடிதம் உன்னிடம் இருக்கும், எடுத்துப் படி. சரியான நேரத்தில் சரியான கேள்வியை அவள் கேட்டிருக்கிறாள். படித்த இரண்டு தடிமாடுகள் அவளை நடுவில் நிறுத்திப் பந்து விளையாடியிருக்கிறோம்.

யார் தெரிவித்திருக்க வேண்டும் என்று கேட்கிறாய். நீ அடித்தாயே, ஆசிரியர்களுக்கான இரண்டு வாரப் பயிற்சி. அதில் முதல் நாள் பாடமே புதிய கடல்மட்டம்தான். நடந்து பார்க்க ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று எழுதினாய். உனக்குப் பயந்து நானும் அனுப்பவில்லை. ஆள் அனுப்ப எனக்கு உன் அனுமதி எதற்கு? அது என் அலுவலகத்து வழக்கம். உன்னோடு இன்னொரு சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இங்கேயும் ஓர் அறிக்கை தயார். 'பயிற்சி மாணவியின் பிழை.' ஒரே வரி. அழகான வரி. நானும் கையெழுத்துப் போட்டால் எனக்கும் ஒன்றும் ஆகாது.

உன் தங்கை சமையலறையிலிருந்தே கேட்டாள்: "ரெண்டு பேரும் ஒரு போன் பண்ணிப் பேசியிருந்தா அந்தம்மா இன்னிக்கு மெஷின்ல உக்காந்திருக்கும். உங்க வீம்புக்கு அந்தப் பொண்ணு ஏன் வேலையை இழக்கணும்?" இதற்குப் பதிலை நீ சொல்.


டிசம்பர் 19

மாப்பிள்ளைக்கு,

'நீ' என்று எழுதியிருக்கிறீர்கள். விடுதியில் ஒரே அறையில் இருந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான். உங்கள் கல்யாணத்தன்று மாலை மாற்றி முடித்ததும் நாம் இருவரும் 'நீங்கள்' ஆனோம். அது மரியாதை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் என் அறைக்கு வந்தார். நான் வரச் சொல்லவில்லை. அறிக்கை விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. உட்காரச் சொன்னேன், நின்றார். அழுவார், கெஞ்சுவார் என்று நினைத்து மனத்துக்குள் சில வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"சார், நான் கையெழுத்து போடவேண்டாம்னு கேக்க வரலை" என்றார். "அது உங்க இஷ்டம். நான் ரெண்டு பேர்கிட்டயும் கேட்டேன். அது மட்டும் உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு கேக்க வந்தேன்."

"இருக்கு" என்றேன்.

"அது போதும் சார்."

போய்விட்டார். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது, நான் போகவில்லை. இத்தனை வருடத்தில் நான் தவறவிட்ட முதல் வகுப்பு. அதில் இரண்டே மாணவர்கள், அவர்களும் வந்திருக்க மாட்டார்கள்.

நான் முதல்வரின் அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. வேறொன்று எழுதி அவருக்கும் உங்கள் விசாரணைக் குழுவுக்கும் அனுப்பியிருக்கிறேன். மாணவி கேட்டது, நான் சொன்னது, அக்டோபர் 1 அன்று சரிபார்க்க வேண்டாமென்று நான் எழுதியது, எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். முதல்வர் படித்துவிட்டு, "இதுக்கப்புறம் உங்களை இந்தப் பொறுப்புல வச்சிருக்க முடியாது சார்" என்றார். வைத்திருக்க வேண்டாம் என்றேன். சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டேன். முதுகலைப் படிப்பு என்ன ஆகும் என்று தெரியாது. இதைக் காப்பாற்றத்தான் ஜூலையில் உங்களோடு கூட்டுச் சேர்ந்தேன். என்னை வெளியேற்றிவிட்டால் ஒருவேளை பிழைக்கும்.

இதை வைத்து நான் உங்களை மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மேடையில் சொன்னது சொன்னதுதான். அதை நான் தனியாக வைத்திருக்கிறேன்.

மச்சான்


ஜனவரி 6

அன்புள்ள மச்சான்,

நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு மெமோ. ஏப்ரலிலிருந்து பயிற்சிப் பிரிவுக்கு வேறு ஆள். எனக்குப் பழைய வரைபடங்கள் வைத்திருக்கும் கீழ்த்தளம். அங்கே குளிர்ச்சியாக இருக்கும் என்கிறார்கள்.

குழுவின் முடிவு உங்களுக்கும் வந்திருக்கும். ஆய்வேட்டை மறுபடி செய்ய டீச்சருக்கு மார்ச் வரை நேரம். பிழை எப்படி நடந்தது என்பதையே ஓர் அத்தியாயமாக எழுத வேண்டும். கல்லூரி உங்களை வழிகாட்டியிலிருந்து நீக்கியதால், இருக்கிற ஒரே வழிகாட்டி நான். நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள்.

மச்சான், அந்தக் கையெழுத்துக்கு ஜூலையில் நான் ஏங்கினேன். இப்படி வேண்டாம். ஆனால் நான் மறுத்தால் அவளுக்கு ஏப்ரல் போய்விடும்.

இந்தத் தடவை இரண்டு பேர் நடந்து பார்க்கிறார்கள். ஒருவர் எங்கள் ஊழியர், மாலை வகுப்பில் உங்கள் கல்லூரியில் சேர்ந்திருப்பவர். இன்னொருவர் உங்கள் இரண்டு மாணவர்களில் ஒருவர். அவர்களை அனுப்பியது நானோ நீங்களோ இல்லை. டீச்சரே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு இங்கே, எங்கள் பயிற்சிக் கூடத்தில். வருவீர்களா?

மாப்பிள்ளை


மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

வந்தேன். நீங்கள் பார்க்கவில்லை. நீக்கப்பட்ட வழிகாட்டி உள்ளே உட்காரக் கூடாது என்று வாசலில் இருந்தவர் சொன்னார், தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். கதவு சரியாகச் சாத்தாததால் குரல் கேட்டது. தேர்வு நடத்த வந்தவர்களில் ஒருவர், "இந்தப் பிழைக்கு யார் காரணம் என்று அத்தியாயத்தில் எங்கேயும் சொல்லலையே, ஏன்?" என்று கேட்டார். டீச்சர், "சொல்லியிருக்கேன் சார். கேள்வி யார்கிட்டேருந்து யார்கிட்டப் போச்சு, எங்க நின்னு போச்சுன்னு வரிசையா எழுதியிருக்கேன். பேர் போட்டா ஒருத்தரைத் திட்டிட்டு மறந்துடுவாங்க" என்றார்.  உங்கள் இருமல் கேட்டது.

முடிந்ததும் நீங்கள் பின்பக்கமாகப் போய்விட்டீர்கள். டீச்சர் முன்பக்கமாக வந்தார். எழுந்து வாழ்த்துச் சொன்னேன். பள்ளியில் சேரும் தேதியைச் சொன்னார். உங்கள் அலுவலகத்தில் வேலை இருக்கிறது என்று சொன்னார்களே என்று கேட்டேன். "எனக்குத்தான் வேலை இருக்கே சார்" என்றார். அந்த மறுப்பு உங்களுக்கு மட்டுமல்ல, நம் இருவருக்குமானது என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் அங்கிருந்து அந்தத் தையல்கார அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். வாராவாரம் போகிறாராம். "நான் பாஸ் பண்ணிட்டேன். அவங்க இன்னும் நடக்கலை சார்" என்றார். குரலில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், என்னிடம் எப்போதும் பதில் குற்றச்சாட்டு ஒன்று தயாராக இருக்கும்.

நானும் வரட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "வாங்க. ஆனா நீங்க யாருன்னு நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிக்கணும்."

கிழக்குத் தெருவில் முதல் மாடி கூட இல்லாத வீடு. தெருவைவிட இரண்டு படி உயரம். உள்ளே ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், அதன் மேல் மடித்த துணிகள் அடுக்கியிருந்தன. வாங்கிப் போக ஆள் வராத துணிகள் என்று தோன்றியது. அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கையாலேயே பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும், "என்ன ஆச்சு, குடுத்துட்டாங்களா பட்டம்?" என்றார். "குடுத்துட்டாங்கம்மா" என்றதும் ஊசியைத் தலையணையில் குத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் சொல்லிக்கொண்டேன். "அந்த மேப்புக்கு இவங்களுக்கு வழிகாட்டியா இருந்தவன் நான்தாங்க. ஆபீஸ்காரங்க தெருவுல நடந்து சரிபார்க்கட்டுமான்னு கேட்டாங்க. வேண்டாம்னு எழுதினது நான்."

அவர் கோபப்படவில்லை. ஒரு துணியைக் கொடுத்தால் எந்தப் பக்கம் உள்பக்கம் என்று பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"ஏன் வேண்டாம்னீங்க?"

ஒப்பந்தத்தைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். துறையின் சுதந்திரம், கல்லூரியின் மரியாதை, எல்லாம் என்னிடம் இருந்தன. டீச்சர் மெஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர்தாங்க அந்த ஆபீஸ்ல. அவர்மேல எனக்குக் கோபம். பல வருஷம் முன்னாடி ஒரு கூட்டத்துல என் பசங்களைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டார்."

"என்ன சொன்னார்?"

சொன்னேன். சுருட்டத் தெரியும், விரிக்கத் தெரியாது. அந்த அறையில், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். அந்த அம்மா இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, அதையும் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் நிறுத்திவிட்டேன் என்று தெரிந்ததும்,

"அதுக்கா?" என்றார்.

அவ்வளவுதான் மாப்பிள்ளை. ஊசியை எடுத்துக்கொண்டு மறுபடி பித்தானுக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பதில் தேடினேன். எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் "அப்படியா சொன்னார்?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். நீங்களும் வாருங்கள், சேர்ந்தே போகலாம். ஏன் ஆள் அனுப்பவில்லை என்று உங்களிடமும் கேட்பார். நீங்களும் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

மச்சான்